மறு: சிரிப்பும் அவலமும் ஒன்றாக வரும் காட்சிக்கு ஒரு சொல்

வணக்கம்.

> 'துன்ப இன்பியல்' என்றே வைத்துவிடலாமே?

அது கதையின் போக்கைக் குறிக்கும் ஐயா. முன்பாதி அழுகை, பின்பாதி சுபம் என்றாலும் பொருந்திவிடும். நமக்கு வேண்டியது, ஒரே செய்கையில் இரண்டும் பிரிக்க முடியாமல் கிடப்பதைச் சொல்லும் சொல்.

சாப்ளினின் 'தி கோல்ட் ரஷ்' (1925) படத்தையே எடுத்துக்கொள்வோம். பனியில் மாட்டிக்கொண்ட குடிசை, தின்ன ஒன்றுமில்லை. சார்லி தன் பூட்ஸ் ஒன்றை வேகவைத்துத் தட்டில் எடுத்துவைத்து, கறி அறுப்பதுபோல் பதமாக அறுக்கிறார். பூட்ஸ் கயிற்றை நூடுல்ஸ்போல் முள்கரண்டியில் சுற்றுகிறார். ஆணிகளை எலும்பு மாதிரி சூப்புகிறார். (படப்பிடிப்பில் தின்ற பூட்ஸ் அதிமதுர மிட்டாயால் செய்தது.) சிரிப்பு வருவது அந்த விருந்து தோரணையால். ஆனால் பசியை எடுத்துவிட்டால் தோரணைக்கே வேலையில்லை. அப்புறம் அந்தக் காலில் கந்தலைச் சுற்றிக்கொண்டுதான் நடமாடுகிறார்.

பலரும் சொல்லும் ரொட்டி நடனம் அவ்வளவு பொருந்தாது என்பேன். கனவில் ஆடுகிறார், விழித்தால் விருந்துக்கு யாரும் வரவில்லை. அங்கே சிரிப்பு முடிந்த பிறகுதான் வலி. நடனக்கூடக் காட்சி வேறு. ஆசைப்பட்ட பெண்ணோடு ஆடும்போது கால்சட்டை நழுவுகிறது. கைக்கு எட்டிய கயிற்றை இடுப்பில் கட்டிக்கொள்கிறார். மறுமுனையில் நாய்! அது பூனையைத் துரத்த, இவர் தரையில்.

> ஸ்லாப்ஸ்டிக்குக்கு 'அடிதடி நகைச்சுவை' இருக்கிறதே?

அடிதடி என்றால் காவல் நிலையம்தான் நினைவுக்கு வருகிறது. விழுந்தும் அடிபட்டும் சிரிக்கவைக்கும் பாணிக்கு 'ஸ்லாப்ஸ்டிக்' என்ற ஆங்கிலப் பெயர் வந்ததே, பழைய இத்தாலிய நாடகக் கோமாளிகள் கையில் வைத்திருந்த இரட்டை மரப்பட்டையிலிருந்து. அதில் சத்தம் பெரிது, அடி சிறிது. 'சேட்டை நகைச்சுவை' போதும்.

சரி, சிரிப்பையும் அவலத்தையும் சேர்த்துச் சொல்லும் கூட்டுச்சொல்லுக்கு வருவோம். தொல்காப்பியத்தில் உணர்ச்சிகளைப் பற்றிப் பேசும் மெய்ப்பாட்டியல், நகைக்குச் (சிரிப்புக்கு) சொல்லும் நான்கு காரணங்களில் பேதைமை ஒன்று. அழுகைக்குச் சொல்லும் நான்கில் இளிவும் (பிறர் முன் இழிவுபடுவது) வறுமையும் உண்டு. பூட்ஸ் காட்சியில் பேதைமையோடு வறுமை, நாய்க் காட்சியில் பேதைமையோடு இளிவு. அதனால் 'நகையழுகை' என்று தோன்றலாம். ஆனால் சார்லி அழுவதில்லை, பல நேரம் நாமும் அழுவதில்லை. அம்மா ஒருவர் முன்வைத்த 'நகையவலம்' இதைவிட மேல். சிரிப்பு முந்திக்கொள்வதால் நகை முன்னால் நிற்பதும் சரியே.

நகை என்றால் ஆபரணம் என்று படித்துவிடுவார்களே என்ற கவலை வேண்டாம். 'நகைச்சுவை' என்று படித்துவிட்டு யாரும் அடகுக்கடைக்குப் போவதில்லை.

'நகையவலக் காட்சி', 'நகையவல நடிப்பு' என்று எழுதிப் பார்த்தேன், இடறவில்லை. 'நகையவலமான' மட்டும் வாயில் நுழைய மறுக்கிறது. பெயரடைக்கு 'நகையவல' என்றே வைத்துக்கொள்ளலாம். சாப்ளின் காலத்து மௌனப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனுக்கும் இதைப் பயன்படுத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். எனக்குத் தயக்கம்தான். வீடே மேலே சரிந்தாலும் அந்த முகம் நம்மிடம் இரக்கம் கேட்பதில்லை. கீட்டன் படங்களை நன்றாகப் பார்த்தவர்கள் மறுப்பு இருந்தால் எழுதுங்கள். அதன் பிறகு சொல்லை நம் சொற்பட்டியலில் ஏற்றலாம்.