வேனில் மாற்றம் செய்ய யார் அனுமதி வேண்டும்: மத்திய அரசா, மாநில அரசா?

கேள்வி (காரைக்குடி):
கானாடுகாத்தான் அரண்மனையையும் ஆத்தங்குடி ஓடு செய்யும் இடங்களையும் பார்க்க வருவோருக்காகப் பழைய வேன் ஒன்று வாங்கியிருக்கிறேன். முன்பக்கம் இரும்புக் கம்பித் தடுப்பும், பின்னால் கூடுதலாக ஒரு வரிசை இருக்கையும் பொருத்தலாம் என்கிறார் பட்டறைக்காரர். எஃப்.சி. (வாகனத் தகுதிச் சான்று) காட்டும்போது பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) ஒத்துக்கொண்டால் போதுமாம். வாகனப் பாதுகாப்பில் முடிவு சொல்லும் அதிகாரம் யாருக்கு?

பதில் 1 (தேவகோட்டை, வழக்கறிஞர்):
ஐயா, மோட்டார் வாகனங்கள் அரசியலமைப்பின் பொதுப்பட்டியலில் 35-ஆவதாக இருப்பதால் இரு அரசுகளுமே சட்டம் இயற்றலாம். முரண் வந்தால் நாடாளுமன்றச் சட்டமே செல்லும். குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மாநிலச் சட்டம் மட்டும் விதிவிலக்கு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 110-ஆவது பிரிவு, வாகனத்தின் கட்டமைப்பு, பிரேக், விளக்கு போன்றவற்றை மத்திய அரசிடம் கொடுத்துவிட்டு, அதில் சேராதவற்றை மட்டுமே 111-ஆவது பிரிவின் வழியாக மாநிலத்துக்கு விட்டிருக்கிறது. கம்பித் தடுப்பு வேண்டவே வேண்டாம்; மோதலில் நடந்து செல்பவரின் உயிருக்கே அது ஆபத்து என்பதால், அத்தகைய தடுப்புகள் மீது நடவடிக்கை எடுக்குமாறு மத்திய அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

பதில் 2 (பள்ளத்தூர், பள்ளி வாகனப் பொறுப்பாளர்):
மாநிலத்தின் பங்கைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. பயணிகள் வாகனங்களில் இருக்கை அமைப்பு 111-ஆவது பிரிவில்தான் வருகிறது. 2012-இல் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்த பிறகு, பள்ளிப் பேருந்துகளுக்கெனச் சிறப்பு விதிகளைக் கொண்டுவந்தது தமிழ்நாடு அரசுதான். வேக வரம்பிலும் அப்படியே: உச்ச அளவை மத்திய அரசு வகுக்கிறது, ஒரு குறிப்பிட்ட சாலையில் அதைக் குறைக்க மாநிலத்தால் முடியும், கூட்ட முடியாது.

பதில் 3 (தேவகோட்டை, வழக்கறிஞர்):
உண்மைதான். ஆனால் இருக்கைகள் எப்படி அமைய வேண்டும் என்பது வேறு, எத்தனை பேர் அமரலாம் என்பது வேறு. எண்ணிக்கை ஆர்.சி. (பதிவுச் சான்று) புத்தகத்தில் பதிவாகியிருக்கும். உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து அது மாறுபடும்படி வாகனத்தை மாற்றுவதை 52-ஆவது பிரிவு தடுக்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில், மாநில விதிகள் அந்தப் பிரிவுக்குக் கட்டுப்பட்டவையே என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஆய்வாளர் மாநில ஊழியர்தான். எனினும் அவர் அமல்படுத்துவதில் பெரும்பகுதி மத்திய விதிகளே. அவர் கவனிக்காமல் கையெழுத்திட்டாலும் அந்த மாற்றம் சட்டப்படி செல்லாது. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பதும் அதைத்தான். ஆகவே கூடுதல் ஆட்கள் வந்தால் இன்னொரு வண்டி அமர்த்துங்கள்.