அயர்லாந்து கிளேர் கவுண்டில கேமராவோட சுத்துறப்ப யாரையெல்லாம் பாத்தீங்க?

என்னிஸ்வாசி:
கடலோரச் செங்குத்துப் பாறை இருக்கே, மோஹர் கிளிஃப்ஸ், அந்த போட்டோவை மட்டும் யாரும் இங்க போடாதீங்க, புண்ணியமா போகும். அயர்லாந்து வந்த எல்லார் போன்லயும் அது இருக்கு, அதே ஓ'பிரையன் டவர், அதே ஆங்கிள். போற வர்ற வழில கேமராவைப் பாத்துட்டு யாராவது வந்து பேச்சு குடுத்திருப்பாங்கல்ல, இந்த ஊர்ல பேசாம விட மாட்டாங்க, அதைச் சொல்லுங்க.

நானே ஆரம்பிக்கிறேன். அக்டோபர் கடைசி, பர்ரன்ங்கிற சுண்ணாம்புப் பாறை மலைப்பக்கம், காரன்ங்கிற ஊரைத் தாண்டி மேல ஏறுற சின்ன ரோடு, ஒரு கார் போனா இன்னொரு கார் வர முடியாது, எதிர்ல ஒரு மந்தை மாடு. ஓரமா ஒதுங்கலாம்னா ஓரமே கிடையாது, ரெண்டு பக்கமும் கல்லுச் சுவர், ரிவர்ஸ்லயே போய் ஒரு கேட் வாசல்ல வண்டியைச் சொருகிட்டு இறங்கினேன். மாட்டுக்குப் பின்னாடி கம்போட ஒரு பெரியவர். கேமராவைத் தூக்கிக் காட்டி எடுத்துக்கவான்னு கேட்டேன், "அதுங்களைக் கேளு"ன்னுட்டாரு.

அப்புறம் அவரே நின்னு பேச ஆரம்பிச்சாரு. மத்த ஊர்லயெல்லாம் கோடைல மாட்டை மலைக்கு ஓட்டிட்டு குளிர்காலத்துல கீழ இறக்குவாங்க, பர்ரன்ல அப்படியே தலைகீழ். குளிர் ஆரம்பிக்கிறப்பதான் மேல ஏத்துறாங்க. அந்தச் சுண்ணாம்புப் பாறை கோடை வெயில் சூட்டை வாங்கி வெச்சுக்குமாம், தண்ணியும் நிக்காம விரிசல் வழியா இறங்கிடும், அதனால மாடு படுக்க காஞ்ச தரை கிடைக்கும். குளிர்காலம் முழுக்க அதுங்க பழைய புல்லையும் புதரையும் மேஞ்சு தள்ளுறதாலதான் ஏப்ரல் மே மாசத்துல ஸ்ப்ரிங் ஜென்ஷியன்னு ஒரு நீலப்பூ வருதே, அதுக்கு வெளிச்சமே கிடைக்குது. "மே மாசம் வந்து குப்புறப் படுத்துக்கிட்டு அந்தப் பூவை எடுக்குறீங்களே, அதுக்கு உழைச்சது என் மாடு"ன்னாரு. உண்மையைச் சொன்னா, நானும் வருசா வருசம் குப்புறப் படுக்குற கோஷ்டிதான். அன்னைக்கு எடுத்ததுல எனக்குப் பிடிச்சது சேத்துல பதிஞ்ச குளம்புத் தடம், சாய்ஞ்ச வெயில்ல. பூ போட்டோவை விட அதான் பர்ரன்.

நைட்டுடூட்டி:
லிஸ்கேனர் பக்கத்துல செயின்ட் பிரிஜிட் கிணறு இருக்கு, கிளிஃப்ஸ் போற பஸ்ஸெல்லாம் அதைத் தாண்டித்தான் போகும், நிறுத்துறவங்க கம்மி. வெள்ளையடிச்ச ஒரு சின்ன நடைபாதை உள்ள போகும், முடிவுல ஊத்து. ரெண்டு பக்கமும் மாதா சிலை, ஜெபமாலை, ஃப்ரேம் போட்ட படம், இறந்தவங்க போட்டோ ஒட்டுன கார்டு, ஈரத்துல ஊறி ஒண்ணு மேல ஒண்ணா. இருட்டு வேற, கேமராவோட ஒளி உணர்திறனை, அதான் ஐஎஸ்ஓவை, 6400க்கு ஏத்துனாத்தான் ஏதாவது தெரியும், ஃப்ளாஷ் போட எனக்கு மனசு வரல. அதுல இருக்குறது எல்லாம் யாரோட வீட்டு ஆளோ தெரியலையே, எடுக்கலாமா வேணாமான்னு நின்னுட்டு இருந்தேன்.

மெழுகுவத்தி ஏத்திட்டு இருந்த ஒரு அம்மா திரும்பிப் பாத்துட்டு முதல் கேள்வியே "நீ நர்ஸா?" இங்க நம்மளைப் பாத்தா அதான் முதல்ல தோணும் போல. ஆமான்னேன். ஒரு படத்தைக் காட்டி, அது என் தம்பி, இதை எடுன்னாங்க. தயங்குனேன். "உயிரோட இருந்தப்ப கேமராவைக் கண்டாலே ஓடுவான், இப்ப எங்க ஓடப் போறான், எடு"ன்னாங்க. சிரிக்கலாமா கூடாதான்னு புரியல, அவங்க சிரிச்சாங்க, நானும் சிரிச்சுட்டேன். அந்தப் படத்தை நான் எங்கயும் போடல, பிரிண்ட் போட்டு அவங்களுக்கே அனுப்பிட்டேன்.

பிப்ரவரி 1 பிரிஜிட் நாள். 2023லேர்ந்து அதுக்குப் பொது விடுமுறையும் விடுறாங்க. அந்தச் சமயம் போனீங்கன்னா கூட்டம் இருக்கும், கேமராவைப் பையிலயே வெச்சுக்கங்க.

மழைக்கோட்டு:
நான் கொஞ்சம் வேற ரூட்டு. மோஹர் கிளிஃப்ஸ் உச்சி 214 மீட்டர், ஆனா அதே கிளேர்ல மனிபாயிண்ட் பவர் ஸ்டேஷன் புகைபோக்கி 218 மீட்டர், ரெண்டு இருக்கு, அதை எவனும் எடுக்குறதில்ல. கில்லிமர்லேர்ந்து டார்பர்ட் போற கார் ஃபெரில ஏறுனா இருபது நிமிசத்துல ஷானன் ஆத்து முகத்துவாரத்தைத் தாண்டிடலாம், வழி முழுக்க அதுங்க தெரியும், மேகம் கீழ இறங்குன நாள்ல உச்சி காணாமப் போயிடும், அதான் எனக்கு வேணும்.

டெக்ல நின்னு எடுத்துட்டு இருந்தேன், பக்கத்துல ஒருத்தர் வந்து ரொம்ப நேரம் பாத்துட்டு, "எல்லாரும் டால்பினுக்காக நிக்குறாங்க, நீ இதையா எடுக்குற"ன்னாரு. அங்க வேலை பாத்து ரிட்டயர் ஆனவராம். நிலக்கரிக் கப்பல் வந்து நிக்குறது, குவியல் மேல தண்ணி அடிக்குறது, நைட் ஷிஃப்ட் முடிச்சு காலைல காத்துல நடக்குறதுன்னு சொல்லிட்டே வந்தாரு. 2025 ஜூன்ல நிலக்கரி எரிக்குறதை நிறுத்திட்டாங்கல்ல, நல்லதுதான்னாரு, ஆனா சொன்ன விதத்துல முழுசா நல்லதுன்னு தோணல. அந்த நேரம் பாத்து மறுபக்கம் டால்பின் வந்துருச்சு, மொத்தக் கூட்டமும் அங்க ஓடுது, நாங்க ரெண்டு பேர் மட்டும் புகைபோக்கியையே பாத்துட்டு நிக்குறோம். டார்பர்ட்ல இறங்கி சாயங்காலம் எடு, மேக்கேர்ந்து லைட் அடிக்கும்னு ஐடியாவும் குடுத்தாரு. சரியான ஐடியா.

புதுகேமரா:
எல்லாரும் கேட்டுக் கேட்டு எடுக்குறீங்களே, அப்ப போஸ் குடுக்காத இயல்பான படம், கேண்டிட், எப்படி வரும்? கேட்ட உடனே எல்லாரும் பாஸ்போர்ட் போட்டோக்கு நிக்குற மாதிரி விறைச்சுருவாங்க. பொது இடத்துல எடுக்க சட்டப்படி தடையில்லதானே?

நைட்டுடூட்டி:
தடையில்ல தம்பி. ஆனா இது டப்ளின் இல்ல. இன்னைக்கு நீங்க எடுத்த ஆள் நாளைக்குக் கடை க்யூல உங்களுக்குப் பின்னாடி நிப்பாரு, நாளன்னைக்கு என் வார்டுல பெட்ல இருப்பாரு.

என்னிஸ்வாசி:
ப்ரோ, விறைப்பு கொஞ்ச நேரத்துல போயிடும், பேச விடுங்க. டூலின் ஊர் பப்ல எல்லாரும் கூடி வாசிக்குற பாட்டு செஷன் நடக்குறப்ப போய்ப் பாருங்க, ஓரமா உக்காந்து ரெண்டு மூணு பாட்டு கேட்டுட்டு, வாசிக்குறவங்க கிளாஸைத் தூக்குற கேப்ல போய்க் கேட்டா யாரும் மறுக்குறதில்ல. கேட்டுட்டா அவங்க உங்களை மறந்துடுறாங்க. கான்சர்டினான்னு கைல பிடிச்சு அமுக்கி விரிக்குற சின்னப் பெட்டி, அதை வாசிக்குறவங்க பாதிப் பேர் கண்ணை மூடிட்டுத்தான் வாசிப்பாங்க, உங்க கேண்டிட் அங்க இருக்கு. 35 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் போதும், தயவு செஞ்சு ஃப்ளாஷ் வேணாம், போன்ல ஷட்டர் சத்தத்தையும் ஆஃப் பண்ணிடுங்க.

சின்னப் பசங்கன்னா மட்டும் கண்டிப்பா வீட்டுல கேட்டுட்டுத்தான். 2024 ஜூலைல ஹர்லிங், அதான் மட்டையும் பந்துமா ஆடுற ஐரிஷ் விளையாட்டு, அதோட ஃபைனல் நடந்துச்சே, கிளேர் டீம் கார்க் டீமை எக்ஸ்ட்ரா டைம் வரைக்கும் போய் ஒரே பாயிண்ட்ல ஜெயிச்சது, அந்த வாரம் ஊரே நீலமும் காவிமஞ்சளுமாக் கிடந்துச்சு, கடை ஜன்னல், டிராக்டர், நாய்க் கழுத்துன்னு ஒண்ணு விடல. ஒரு வீட்டுச் சுவர்ல ஒரு குட்டிப் பொண்ணு தனியா பந்தை அடிச்சுப் பிடிச்சு அடிச்சுட்டு இருந்தா. அவங்க அப்பா சரின்னுட்டாரு. அவதான் கேட்டா, பேப்பர்ல வருமான்னு. வராதுன்னேன். அப்ப எதுக்கு எடுக்குறேன்னு கேட்டுட்டு திரும்பிக்கிட்டா. அந்த முதுகுதான் என்கிட்ட இருக்கு.

மழைக்கோட்டு:
ஹாஹா. எடுக்கவே முடியாத ஒண்ணும் இருக்கு, லட்டூன் தேவதைப் புதர். மோட்டார்வேல போறப்ப வேலிக்குள்ள ஹாதார்ன்னு ஒரு முள்மரம் நிக்கும். ரோடு போட வந்தப்ப, அது தேவதைங்க கூடுற இடம், வெட்டுனா நல்லதில்லன்னு எடி லெனிஹன்ங்கிற கதைசொல்லி 1999ல குரல் குடுத்து, அதை விட்டுட்டு ரோட்டைப் போட்டாங்க. 2002ல எவனோ ராத்திரில வந்து ரம்பத்தால கிளையெல்லாம் அறுத்துட்டான், மறுபடி துளிர்த்துருச்சு. மோட்டார்வேல நிறுத்தக் கூடாதுல்ல, அதனால பக்கத்து சீட்டுல உக்காந்து எடுத்தா பச்சையா ஒரு கோடு வரும். அதை ஃப்ரேம் போட்டு மாட்டிருக்கேன், வீட்டுக்கு வர்ற ஐரிஷ்காரங்க யாரும் சிரிக்கல.

புதுகேமரா:
சரி, கேட்டுட்டே எடுக்குறேன். ஆனா கிளிஃப்ஸுக்கு ஒரு தடவையாவது போகணும், பஃபின்னு கடல்பறவை இருக்குமாமே, எப்ப போறது?

என்னிஸ்வாசி:
ஏப்ரல்லேர்ந்து ஜூலை நடு வரைக்கும், கோட் ஐலண்ட்னு கீழ ஒரு பாறைத்தீவு, அங்க. 400 எம்எம் லென்ஸ் இல்லாம புள்ளியாத்தான் தெரியும். மேக்குப் பாத்த பாறைங்கிறதால காலைல நிழலாவே இருக்கும், மத்தியானத்துக்கு மேல போங்க, ஜூன்ல பத்து மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும். விளிம்புப் பக்கம் மட்டும் போயிடாதீங்க, சாஞ்சு சாஞ்சு விழுற பாறை அது. ஆகஸ்ட்ல போயிட்டு பறவையே இல்லன்னு இங்க வந்து என்னைத் திட்டக் கூடாது, சொல்லிட்டேன்.