ஒரு நாள் சம்பளத்தை நிவாரண நிதிக்குக் கொடுக்க மறுத்தது தவறா?

வெள்ளவத்தை ஆவண எழுதுநர்:

அனைவருக்கும் வணக்கம். கொழும்பு கொள்ளுப்பிட்டியில் கப்பல் சரக்கு அனுப்பும் தனியார் நிறுவனம் ஒன்றின் ஆவணப் பிரிவில் ஆறு வருடங்களாக வேலை செய்கிறேன். என் மாதச் சம்பளம் 72,000 ரூபாய். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைச் சீரழித்த பிறகு, ஊழியர் ஒவ்வொருவரின் ஒரு நாள் சம்பளமும் நிவாரணத்துக்கு வழங்கப்படும் என்றும், விரும்பாதவர்கள் வெள்ளிக்கிழமைக்கு முன் தங்கள் பிரிவு முகாமையாளருக்கு மின்னஞ்சலில் அறிவிக்க வேண்டும் என்றும் எங்களுக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. சம்பள உயர்வுக்கான வருடாந்த மதிப்பீட்டை எழுதுபவரும் அதே முகாமையாளர்தான்.

என் தாயாரின் உறவினர்கள் பதுளைக்கு அருகே ஒரு தோட்டத்தில் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) வாழ்கிறார்கள். மண்சரிவு அபாயத்தால் அவர்கள் பாடசாலை ஒன்றில் தங்கியிருந்தபோது, கையிலிருந்த 15,000 ரூபாயை அனுப்பிவிட்டேன். அறை வாடகையையும் சாப்பாட்டுச் செலவையும் கழித்தால் அந்த மாதத்தில் எனக்கு மிஞ்சியது மிகச் சொற்பம். ஆகவே விருப்பமில்லை என்று மரியாதையாக எழுதினேன். முகாமையாளர் என்னை அறைக்கு அழைத்து, எல்லோரும் கொடுக்கும்போது நீங்கள் மட்டும் விலகி நிற்பது நன்றாக இல்லையே என்றார். இரண்டு நாட்களில் சாப்பாட்டு அறையில் பிரிவு வாரியாக ஒரு பட்டியல் ஒட்டப்பட்டது. எங்கள் பிரிவில் மட்டும் ஒருவர் குறைவு. அந்த ஒருவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கு அடுத்த மேசையில் இருப்பவர், “உங்களுடைய ஆட்கள்தானே அதிகம் பாதிக்கப்பட்டார்கள், நீங்களே கொடுக்கவில்லையா?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

இத்தனைக்கும் பிறகு டிசம்பர் சம்பளத்தில் 2,400 ரூபாய் குறைந்திருக்கிறது. அடுத்து வெசாக் பண்டிகையின் தன்சலுக்கும் (இலவச உணவுப் பந்தலுக்கும்) இப்படித்தான் பணம் சேர்ப்பார்கள். நான் செய்தது தவறா? அவர்கள் இப்படிக் கழிக்கலாமா?

கொட்டாஞ்சேனை, முன்னாள் மனிதவள அலுவலர்:

நீங்கள் செய்தது தவறல்ல. பதினான்கு வருடங்கள் மனிதவளப் பிரிவில் இருந்தவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். இத்தகைய சுற்றறிக்கைகளை நானும் எழுதியிருக்கிறேன் என்பதால், அவை எப்படி வேலை செய்கின்றன என்பதையும் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

“விரும்பாதவர்கள் அறிவிக்கவும்” என்ற வசனத்திலேயே எல்லாம் முடிந்துவிடுகிறது. கொடுக்க விரும்புகிறவர் கையொப்பமிட வேண்டும் என்று கேட்டால் பாதிப் பேர் பேசாமல் இருந்துவிடுவார்கள் என்பது நிர்வாகத்துக்குத் தெரியும். ஆகையால் மௌனத்தையே சம்மதமாகக் கணக்கிட்டு, மறுப்பவர் மட்டும் எழுந்து நிற்க வேண்டிய நிலையை உண்டாக்குகிறார்கள். பிரிவுகளுக்கிடையே போட்டியை வைப்பதும் அதற்காகத்தான், ஏனென்றால் அதன் பிறகு மேலிடம் யாரையும் வற்புறுத்த வேண்டியதில்லை, பக்கத்து மேசைக்காரரே அந்த வேலையைச் செய்துவிடுவார். கடைசியில் பெரிய அட்டைக் காசோலையோடு புகைப்படம் எடுக்கும்போது அதில் நிறுவனத்தின் பெயர் இருக்குமே தவிர, 2,400 ரூபாய் கொடுத்த எழுதுநரின் பெயர் இருக்காது.

அடுத்த முறை காரணம் எதையும் சொல்லாதீர்கள். பதுளையைப் பற்றியோ வாடகையைப் பற்றியோ முகாமையாளரிடம் விளக்கத் தொடங்கினால், உங்கள் குடும்பத்தின் கஷ்டம் போதுமானதா இல்லையா என்று தீர்மானிக்கும் உரிமையை அவரிடமே ஒப்படைத்ததாகிவிடும். “என் சம்பளத்திலிருந்து நன்கொடை எதையும் கழிக்க நான் சம்மதிக்கவில்லை” என்று ஒரே வரி எழுதி, பிரிவு முகாமையாளருக்கு அல்ல, சம்பளப் பிரிவுக்கு நேரடியாக அனுப்பி, ஒரு பிரதியை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பளக் கணக்காளர், மருதானை:

நான் கணக்கை மட்டும் சொல்கிறேன். உங்களைப் போன்ற அலுவலக ஊழியர்களுக்குரிய 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை மற்றும் அலுவலக ஊழியர் சட்டம், அனுமதிக்கப்பட்ட கழிவுகளைத் தவிர வேறெதையும் சம்பளத்திலிருந்து எடுக்க இடமளிப்பதில்லை. நீங்கள் எழுத்தில் மறுத்த பிறகும் நன்கொடையாகக் கழித்திருந்தால் அது சாதாரணப் பிழை அல்ல. தொழிலாளி தன் சம்பளத்தைத் தன் விருப்பப்படி செலவிடும் சுதந்திரத்தை முதலாளி எந்த வகையிலும் கட்டுப்படுத்தக் கூடாது என்று சர்வதேசத் தொழில் அமைப்பின் 1949ஆம் ஆண்டுச் சம்பளப் பாதுகாப்புச் சமவாயம் கூறுகிறது. இலங்கை அதை 1983இல் ஏற்றுக்கொண்டது.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. சம்பளச் சீட்டை எடுத்து, அந்த 2,400 எந்தத் தலைப்பின் கீழ் குறைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். “நன்கொடை” என்று கழிவுப் பக்கத்தில் இருந்தால் உங்கள் மொத்தச் சம்பளம் 72,000 ஆகவே இருக்கும், ஊழியர் சேமலாப நிதிக்கான உங்கள் 8 சதவீதமும் 5,760 ரூபாயாகவே இருக்கும். சில இடங்களில் வேலைச் சுலபத்துக்காக இதைச் சம்பளமற்ற விடுமுறை என்று பதிந்துவிடுகிறார்கள். அப்படியானால் சம்பளமே 69,600 ஆகிறது. முதலாளி செலுத்த வேண்டிய சேமலாப நிதி 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கை நிதியம் 3 சதவீதமும் அந்தக் குறைந்த தொகைக்குத்தான் கணக்கிடப்படும். இப்படி முதலாளியின் பங்கில் குறைவது ஒருவருக்கு 360 ரூபாய்தானே என்று தோன்றலாம், ஆனால் இதே சம்பளத்தில் இருநூறு பேர் உள்ள நிறுவனத்தில் அது 72,000. தர்மத்தின் பெயரால் ஊழியரின் ஓய்வுகாலப் பணத்தில் கை வைப்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

தெகிவளை, ஓய்வுபெற்ற அரச ஊழியர்:

மேலே எழுதியவர்களோடு பெரும்பாலும் உடன்படுகிறேன், ஆனால் பணம் சேர்ப்பவர்கள் எல்லோரையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டாம். மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு வரும் வெளியூர் நோயாளிகளுக்காக எங்கள் அலுவலகத்தில் பல வருடங்கள் பணம் சேர்த்தவன் நான். தொடக்கத்தில் நானும் பெயரும் தொகையும் எழுதிய தாளோடுதான் மேசை மேசையாகச் சென்றேன். முதல் பெயருக்கு எதிரே பணிப்பாளர் 5,000 என்று எழுதிவிட்டால், அதற்குக் கீழே சிற்றூழியர் 100 என்று எழுதக் கூசுவார் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

2020 மே மாதத்தில், கொரோனாக் காலத்தில், அரச ஊழியர்கள் தங்கள் சம்பளத்தை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று ஜனாதிபதியின் செயலாளர் கேட்டபோதுதான் அந்தக் கூச்சம் என்னவென்று நானே அனுபவித்தேன். விருப்பத்தின் பேரில் என்றுதான் சொன்னார்கள். ஆனாலும் யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்ற பேச்சு எங்கள் நடைபாதைகளில் ஓயவே இல்லை. அதன் பிறகு தாளை நிறுத்திவிட்டு, பூட்டிய பெட்டி ஒன்றைத் தேநீர் அறையில் வைத்தேன். உண்மையைச் சொன்னால், அந்த வருடம் முந்தைய தொகையின் பாதிக்குச் சற்று மேல்தான் சேர்ந்தது. குறைந்த பகுதி யாருடைய வீட்டுச் செலவிலிருந்து வந்துகொண்டிருந்தது என்று நினைத்தபோது, அதைக் கேட்டு வாங்கியதற்காக வருந்தினேன்.

ஒரு விடயத்தில் மட்டும் முதலில் பதிலளித்த அம்மாவோடு எனக்கு மாறுபாடு உண்டு. முகாமையாளருக்கு விளக்கம் வேண்டியதில்லை, சரி. ஆனால் பக்கத்து மேசைக்காரரிடம் பதுளையைப் பற்றிச் சொல்லுங்கள் தம்பி. ஆறு வருடங்கள் அருகருகே இருந்தும் உங்கள் வீட்டு நிலை அவருக்குத் தெரியவில்லை என்றால், அவர் கேட்டது கேலியாக அல்லாமல் அறியாமையாகவும் இருக்கலாம்.

வெள்ளவத்தை ஆவண எழுதுநர்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. சம்பளச் சீட்டைப் பார்த்தேன், “சம்பளமற்ற விடுமுறை: 1 நாள்” என்றுதான் இருக்கிறது. அந்த மாதம் நான் ஒரு நாளும் விடுமுறை எடுக்கவில்லை. கைரேகைப் பதிவின் பிரதியையும் என் மறுப்பு மின்னஞ்சலையும் சம்பளப் பிரிவில் காட்டினேன். அங்கிருந்த அதிகாரி நெடுநேரம் திரையைப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் இப்படித்தான் பதிந்திருக்கிறோம் என்று மெதுவாகச் சொன்னார். என்னுடையதைத் திருத்தி ஜனவரிச் சம்பளத்தோடு தருவதாக எழுத்தில் தந்திருக்கிறார்கள். மற்றவர்களுடைய பதிவையும் மாற்ற வேண்டும் என்று கேட்டு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். இல்லையென்றால் நாரஹேன்பிட்டியிலுள்ள தொழில் திணைக்களத்துக்குப் போவதாக இருக்கிறேன்.

பக்கத்து மேசை நண்பரிடமும் பேசினேன். பதுளையில் நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அந்தக் கடிதத்தை வாங்கி, என் பெயருக்குக் கீழே அவரும் கையொப்பமிட்டார்.