ஃபைபர் படகுத் தொழிலில் புதிதாக இறங்கும் பட்டறைக்கு வேலை எங்கே இருக்கிறது?

அணியம் (கேள்வி; இங்கே பேசுபவர்கள் எல்லோரும் புனைபெயரில்)

ஃபைபரில் தண்ணீர்த் தொட்டி, கூரைத் தகடு செய்யும் பட்டறைகள் பல இப்போது படகுப் பக்கம் திரும்பப் பார்க்கின்றன. ரெசின் (இழையை ஒட்டி இறுக்கும் பிசின்) வேலை தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள். 6 முதல் 8 மீட்டர் படகுக்கு எடுத்த எடுப்பில் அச்சு செய்து இறங்கலாமா, பழுதுபார்ப்பில் தொடங்கலாமா? ஒரு படகுக்குப் பொருள் எவ்வளவு பிடிக்கும்? ஏற்றுமதி, மின்சாரப் படகு என்றெல்லாம் பேச்சு அடிபடுகிறதே, சின்னப் பட்டறைக்கு அதில் இடம் உண்டா?

நீர்க்கோடு

பழுதுபார்ப்பில் தொடங்குங்கள். ஒரு படகு கட்ட மாதிரி வடிவம், அச்சு, அச்சைத் தாங்கும் இரும்புச் சட்டம் என்று முதலில் பணம் முடங்கும். அச்சின் கனம் படகின் கனத்தைப் போல இரண்டு மடங்காவது வேண்டும், இல்லாவிட்டால் சில படகுகளிலேயே முறுக்கிக்கொள்ளும். பழுது வேலைக்கு அச்சே தேவையில்லை. எந்தப் படகு எங்கே உடைகிறது என்பதும் அந்த வேலையில்தான் கண்ணுக்குத் தெரியும்.

அதிகம் வருவது எஞ்சின் மாட்டும் பின்பலகை. எஞ்சின் போல்ட்டுக்குப் போட்ட துளையைச் சீல் செய்யாமல் விட்டிருப்பார்கள். தண்ணீர் உள்ளே இறங்கி நடுவில் இருக்கும் பிளைவுட் உளுத்துப்போகும். சுத்தியலின் பிடியால் தட்டிப் பாருங்கள், நல்ல இடம் கணீரென்று கேட்கும், கெட்டது மொத்தென்று கேட்கும். உள்பக்க ஃபைபர் தோலை வெட்டி எடுத்து, மரத்தை முழுவதும் சுரண்டி, நன்றாக உலரவிட்டுத்தான் புதுப் பலகை வைக்க வேண்டும். ஈரத்தோடு மூடினால் ஒட்டாது. புதுத் துளையை அளவைவிடப் பெரிதாகப் போட்டு, எபாக்ஸிப் பசை நிரப்பி, அது இறுகிய பின் நடுவில் மறுபடி சரியான அளவில் துளையுங்கள். அப்போது போல்ட் மரத்தைத் தொடாது.

அடிப்பாகத்தில் ஓட்டை என்றால் சரிவு 12-க்கு 1. கனம் 6 மில்லிமீட்டர் என்றால் ஓட்டையைச் சுற்றி 72 மில்லிமீட்டர் தூரம் சரிவாகத் தேய்க்க வேண்டும். இதைச் சுருக்கினால் ஒட்டுப் போட்ட ஓரமே அலை அடியில் பெயரும். எபாக்ஸியால் அடைத்த இடத்தின் மேல் பாலியெஸ்டர் ஜெல்கோட் (படகின் வெளிப்பூச்சு) சரியாகப் பிடிக்காது, பெயின்ட் அடிப்பதுதான் நல்லது.

ரோலர்

பொருள் கணக்கு நான் சொல்கிறேன். 7 மீட்டர் திறந்த படகுக்கு, அடியும் பக்கமும் சேர்ந்து 25 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அடுக்கு: ஜெல்கோட், சதுர மீட்டருக்கு 300 கிராம் மேட் (வெட்டிய இழையைப் பரப்பிய விரிப்பு) ஒன்று, 450 மேட்டும் 600 ரோவிங்கும் (நெய்த இழைத் துணி) மாறி மாறி இரண்டு முறை, கடைசியில் இன்னொரு 450 மேட். ஒரு சதுர மீட்டருக்கு மேட் 1,650 கிராம், ரோவிங் 1,200 கிராம். கையால் போடும்போது மேட் தன் எடையைப் போல இரண்டேகால் முதல் இரண்டரை மடங்கு ரெசின் குடிக்கும், ரோவிங் தன் எடை அளவுக்கு. ஆக ரெசின் ஏறத்தாழ 5 கிலோ. மொத்தப் படகு உடலுக்குக் கண்ணாடி இழை 71 கிலோ, ரெசின் சுமார் 125 கிலோ, ஜெல்கோட் 15 கிலோ, கழிவுக்கு மேலே 10 சதவீதம். கனம் 5 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வரும். இது கணக்குப் போட்டுக் காட்டிய உதாரணம். உங்கள் படகின் அடுக்கை வேகம், எடை பார்த்து வடிவமைப்பாளர் தர வேண்டும். ஸ்ட்ரிங்கர் (நீளவாட்டுத் தாங்கு கட்டை), ஏரா (அடிமரம்), தளம் எல்லாம் தனிக் கணக்கு.

தொட்டிப் பழக்கத்தை அப்படியே படகுக்குக் கொண்டுவருவதுதான் எனக்குப் பெரிய கவலை. தொட்டி அசையாமல் நிற்கும். படகின் அடி ஒவ்வொரு அலைக்கும் அறை வாங்கும். மேட்டை மட்டும் கனமாக அடுக்கினால் எடைதான் ஏறும், அந்த அடியைத் தாங்கும் இழை ரோவிங்கில்தான் இருக்கிறது. ஆர்த்தோ என்ற சாதாரண ரெசினை ஜெல்கோட்டுக்கு அடுத்த அடுக்கில் போட்டால் நாளாவட்டத்தில் தண்ணீர் ஊடுருவிக் கொப்புளம் வரும். அங்கே தண்ணீரை நன்றாகத் தாங்கும் ஐசோ அல்லது வினைல் எஸ்டர் ரெசின் போடுங்கள்.

ஜெல்கோட் ஈரமாக இருக்கும்போது 0.4 முதல் 0.6 மில்லிமீட்டர். மெலிதாகப் போனாலோ, இறுகுமுன் மேட் வைத்தாலோ முதலைத் தோல் மாதிரி சுருங்கும். ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட் 1 முதல் 2 சதவீதத்துக்குள். வெயிலில் சீக்கிரம் இறுகுகிறதென்று 1-க்குக் கீழே இறக்காதீர்கள், உள்ளே முழுதாக இறுகாமல் நின்றுவிடும். அதற்கு மாறாக வேலையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டை முதலில் ரெசினில் முழுவதும் கலக்கிவிட்டு, பிறகுதான் கேட்டலிஸ்ட். இரண்டையும் நேருக்கு நேர் சேர்த்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். புதிதாக வேலைக்கு வருபவருக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள்.

கடையால்

ஏற்றுமதி பற்றி. ஐரோப்பாவுக்கு உல்லாசப் படகு அனுப்ப 2013/53 என்ற விதி இருக்கிறது, 2.5 முதல் 24 மீட்டர் வரை பொருந்தும். மீன்பிடிப் படகும் பயணிகள் படகும் அதில் வராது. அவற்றுக்கு அந்தந்த நாட்டின் சொந்த விதிகள். எவ்வளவு கடுமையான கடலைத் தாங்கும் என்று பார்த்து, படகுகளை ஏ, பி, சி, டி என்று பிரிக்கிறார்கள். சி என்றால் காற்று போஃபர்ட் அளவில் 6 வரை, அலை 2 மீட்டர் வரை. டி அமைதியான நீருக்கு. புதுப் பட்டறை 12 மீட்டருக்குள் சி, டி இரண்டோடு நிற்பது நல்லது. கவிழாத நிலைப்புக்கும் மிதப்புக்கும் ஐஎஸ்ஓ 12217 என்ற சர்வதேசத் தரநிலையைப் பின்பற்றினால் வடிவமைப்பு, கட்டுமானப் பகுதியைத் தயாரிப்பாளரே சோதித்து அறிவிக்கலாம். ஏ, பி வகைக்கு வெளி ஆய்வு அமைப்பு வேண்டும்.

பலர் தடுக்கி விழுவது காகிதத்தில். ஒவ்வொரு படகுக்கும் ரெசின் பேட்ச் எண், கேட்டலிஸ்ட் சதவீதம், அன்றைய வெப்பம், ஈரப்பதம், எந்த அடுக்கு எத்தனை மணிக்கு என்று எழுதி வையுங்கள். பின்பலகைத் துளைக்கென்று வெட்டி எடுத்த துண்டைக்கூட எறியாமல் படகு எண் எழுதி வைக்கலாம், கனத்துக்கும் அடுக்குக்கும் அதுவே சாட்சி. அரசு டெண்டரிலும் இதைத்தான் கேட்பார்கள்.

நீர்க்கோடு

மின்சாரப் படகுக்கு: பாதை குட்டையாக, வேகம் குறைவாக இருந்தால் மட்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் அவுட்போர்டில் சுமார் 2 யூனிட் வேலை தரும். 100 லிட்டருக்கு ஈடான லித்தியம் பேட்டரி ஒன்றரை டன்னை நெருங்கும். ஆழ்கடல் மீன்பிடிக்கு அது சரிவராது. அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வரும் படகுக்குச் சரிவரும். நார்வேயில் ஆம்பியர் என்ற மின்சாரப் படகு 2015-லும், கேரளத்தில் வைக்கம்–தவணக்கடவு இடையே சூரியசக்திப் படகு ஆதித்யா 2017-லும் ஓடத் தொடங்கியது அப்படிப்பட்ட பாதைகளில்தான். நீர்க்கோட்டு நீளம் (தண்ணீர் மட்டத்தில் படகின் நீளம்) 7 மீட்டர் உள்ள படகு 6.4 நாட் வேகத்துக்குள் (மணிக்கு சுமார் 12 கிலோமீட்டர்) ஓடினால்தான் மின்சாரம் கட்டும். அதைத் தாண்டினால் தேவைப்படும் சக்தி செங்குத்தாக ஏறும்.

அணியம்

நன்றி. ரோலர், நேற்றுப் போட்ட அடுக்கின் மேல் இன்று அப்படியே போடலாமா?

ரோலர்

மெழுகு கலக்காத ரெசின், மேற்பரப்பு இன்னும் பிசுபிசுப்பாக இருந்தால் போடலாம். மெழுகு கலந்ததென்றாலோ, இரண்டு நாள் தாண்டியதென்றாலோ முதலில் அசிட்டோனால் மெழுகைத் துடைத்து, 40 அல்லது 60 எண் உப்புத்தாளால் பளபளப்பு முழுவதும் போகத் தேய்த்து, தூசி எடுத்த பிறகு மேட்டில் தொடங்குங்கள். ரோவிங்கை நேராக வைக்காதீர்கள், அடுக்கு பிரியும்.