பழைய லேப்டாப்பில் வீட்டு சர்வர்: உப்பிய பேட்டரியை என்ன செய்வது?

நண்பர்களுக்கு வணக்கம். 2013-இல் வாங்கிய லேப்டாப்பில் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி, சாம்பா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருள் வழியாக வீட்டுப் புகைப்படங்களைப் பகிர்ந்துவருகிறேன். 4 ஜிபி ராம் அதற்குத் தாராளம். மூடியை மூடினால் உறங்கிவிடும் தொல்லையையும் தீர்த்துவிட்டேன்.

இப்போது கவலை பேட்டரிதான். இரவும் பகலும் சார்ஜரிலேயே கிடந்து உப்பிவிட்டது. டச்பேடின் ஓரம் ஓர் அரிசி மணி உயரத்துக்கு எழும்பி நிற்கிறது. பார்த்ததுமே அணைத்துவிட்டேன்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு சார்ஜரில் மட்டும் ஓட்டியவர்கள் இருக்கிறீர்களா? வேகம் குறைகிறதா? எங்கள் தெருவில் மின்சாரம் அடிக்கடி போய்வரும். அப்பாவின் கடைசிப் படங்கள் அந்த ஹார்டு டிஸ்க்கில் இருக்கின்றன. பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்தும் மனம் ஆறவில்லை. எத்தனை விஏ (மின் திறன் அளவு) கொண்ட யுபிஎஸ் வாங்கலாம்? உப்பிய பேட்டரியைக் குப்பையில் போடக்கூடாது. மதுரையில் எங்கே ஒப்படைப்பது?