லாங்டாங் பள்ளத்தாக்கு: உள்ளூர் வழிகாட்டி தேவையா?

கேள்வி

வணக்கம். வரும் அக்டோபரில் நானும் என் அண்ணனும் நேபாளத்தின் லாங்டாங் பள்ளத்தாக்குக்குச் செல்லவிருக்கிறோம். சியாப்ருபேசியில் நடக்கத் தொடங்கி, கியாஞ்சின் கோம்பா என்னும் ஊர் வரை ஏறித் திரும்புவதாகத் திட்டம். பாதை தெளிவாக இருக்கிறது, தங்குவதற்கு ஊருக்கு ஊர் விடுதிகள் உள்ளன, பிறகு வழிகாட்டிக்கு எதற்குச் செலவழிக்க வேண்டும் என்று அண்ணன் கேட்கிறார். எனக்குச் சிகரங்களைவிட அங்கு வாழும் தமாங் மக்களின் ஊர்களைப் பார்ப்பதில்தான் ஆவல் அதிகம். சென்று வந்தவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டிலிருந்து வரும் மலைநடைப் பயணிகள் உரிமம் பெற்ற வழிகாட்டியுடன்தான் செல்ல வேண்டும் என்ற விதியை நேபாளச் சுற்றுலா வாரியம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைப்படுத்தியது. பள்ளத்தாக்கு அமைந்துள்ள லாங்டாங் தேசியப் பூங்காவுக்கு நுழைவுச் சீட்டும் தனியாக எடுக்க வேண்டும்.

விதி இல்லாவிட்டாலும் உயரத்தை முன்னிட்டு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள் என்றே சொல்வேன். சியாப்ருபேசி ஏறக்குறைய 1,500 மீட்டர். கியாஞ்சின் கோம்பாவோ 3,800 மீட்டருக்கும் மேல். பலர் லாமா ஹோட்டல் என்னும் இடத்தில் உறங்கி, மறுநாளே லாங்டாங் ஊரை எட்டிவிடுகிறார்கள். அந்த ஒரே நாளில் ஆயிரம் மீட்டர் அளவுக்கு ஏறிவிடுகிறோம். 3,000 மீட்டருக்கு மேல் சென்றபின் இரவு உறங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மருத்துவர்கள் தரும் பொது அறிவுரை. இடையில் கோடா தபேலாவில் தங்கிவிட்டுச் சென்றால் உடல் பழகிக்கொள்ளும். தலைவலியோடு சாப்பாடும் வேண்டாம் என்று உங்கள் அண்ணன் சொன்னால், அதைக் களைப்பு என்று விட்டுவிடாமல், உயரத்தால் வரும் நோயாகக் கருதி, மேலே ஏறாமல் அங்கேயே தங்க வேண்டும். குறையாவிட்டால் இறங்கிவிட வேண்டும். இதை உடன்பிறந்தவர் சொன்னால் வாக்குவாதம் வரும், வழிகாட்டி சொன்னால் கேட்டுக்கொள்வோம்.

மறுமொழி 2

ஊர்களைப் பார்க்கத்தான் ஆவல் என்று எழுதியிருப்பதால், உங்கள் கேள்விக்கான விடை அதிலேயே இருக்கிறது. வழிகாட்டி வேண்டும், அவர் அந்தப் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவராக இருந்தால் மிகவும் நல்லது. காத்மாண்டுவில் ஏற்பாடு செய்யும்போதே இதைக் கேட்டுப் பெறுங்கள்.

2015 ஏப்ரல் 25 அன்று நிலநடுக்கத்தில் மலையிலிருந்து சரிந்த பனியும் பாறையும் பழைய லாங்டாங் ஊரை மூடிவிட்டன. ஊராரும் பயணிகளும் பெரும் எண்ணிக்கையில் இறந்தார்கள். இன்றைய பாதை அந்தக் கற்குவியலின் மேல்தான் செல்கிறது. உங்களுக்குத் தேநீர் ஊற்றித் தருபவர் தம் வீட்டாரை அங்கே இழந்தவராக இருக்கக்கூடும். அவரிடம் எதைப் பேசலாம், எங்கே படம் எடுக்காமல் நகர வேண்டும் என்பதெல்லாம் அந்த மண்ணில் பிறந்தவருக்குத்தான் தெரியும். எந்த வரைபடமும் இதைச் சொல்லித் தராது.

லாங்டாங்குக்கு மேலே, மந்திரம் செதுக்கிய பலகைக் கற்களை அடுக்கிய நீண்ட மணிச் சுவர்கள் வரும்; சுவர் உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும்படி நடக்க வேண்டும். ஓடை நீரின் விசையால் சுழலும் பிரார்த்தனை உருளைகளையும் பார்க்கலாம். கியாஞ்சினில் பாலாடைக்கட்டி செய்யும் ஆலை ஒன்று உள்ளது; 1950களில் சுவிட்சர்லாந்தின் உதவியோடு தொடங்கப்பட்டது. வழிகாட்டிக்குத் தெரிந்த வீடாக இருந்தால் அடுப்படியில் உட்கார இடம் கிடைக்கும். எனக்கு அந்தப் பள்ளத்தாக்கில் மிகவும் பிடித்த இடம் அதுதான்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. அண்ணனும் ஒப்புக்கொண்டார். சுமை தூக்க இன்னொருவரையும் அமர்த்த வேண்டுமா?

மறுமொழி 2

அமர்த்துவதானால் இருவர் மூட்டையும் சேர்த்து 20 கிலோவுக்குள் கட்டுங்கள். அவருக்கும் வழிகாட்டிக்கும் காப்பீடு உண்டா, குளிருக்கு ஏற்ற உடையும் காலணியும் இருக்கின்றனவா, இரவில் எங்கே படுப்பார்கள் என்பதைக் கிளம்புமுன் முகவரிடம் நேரடியாகக் கேளுங்கள். மழுப்பலாகப் பதில் வந்தால் வேறு முகவரைப் பாருங்கள். பணத்தைக் காத்மாண்டுவிலேயே நேபாள ரூபாயாக மாற்றி எடுத்துச் செல்லுங்கள், மேலே உள்ள ஊர்களில் ஏ.டி.எம். கிடையாது.