புடாபெஸ்டுக்கு ஜோடியாகப் போனவர்கள், உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

ஊர்சுற்றி:
கல்யாணமாகிப் பத்து வருடம் ஆனதற்காக நானும் மனைவியும் போன மாதம் போயிருந்தோம். கோட்டை, பாராளுமன்றம், சேச்சேனி வெந்நீர்க் குளம் எல்லாம் எல்லோரும் பார்ப்பதுதான், விடுங்கள். எனக்கு உறுத்துவது காசின்சி தெருவில் நடந்தது. சிம்ப்லா கெர்ட் தெரியும்தானே? பாழடைந்த பழைய கட்டடம், அதையே பார் ஆக்கியிருக்கிறார்கள். பக்கவாட்டில் வெட்டிச் சோபாவாக்கிய குளியல்தொட்டியில்தான் எங்களுக்கு இடம் கிடைத்தது. பீர் வந்ததும் கிளாஸோடு கிளாஸை முட்டி ‘சியர்ஸ்’ என்றோம். பக்கத்து மேசையில் ஒரு பெரியவர், கூட அவர் மனைவி. இருவருக்கும் எழுபதுக்கு மேல் இருக்கும், அந்தக் கூட்டத்தில் அந்த வயதில் அவர்கள் மட்டும்தான். எங்களைப் பார்த்துவிட்டு அவர் தன் கிளாஸின் வாயை உள்ளங்கையால் மூடினார். முறைக்கவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. கையை எடுக்கவும் இல்லை.

அடுத்த பீர் வாங்கப் போனபோது பார்மேன்தான் விளக்கினார். 1849 அக்டோபரில் ஆராட் என்ற ஊரில் ஹங்கேரித் தளபதிகள் 13 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றியபோது, ஆஸ்திரிய அதிகாரிகள் பீர் கிளாஸை முட்டிக் கொண்டாடினார்களாம். அதிலிருந்து இங்கே பீரை முட்டுவதில்லையாம். மன்னிப்புக் கேட்கலாமென்று திரும்பி வந்தால் அந்த மேசை காலி. அந்தக் கை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

கறாரான ஆள்:
பீரை முட்டுவதில்லை என்ற அந்தச் சபதம் 150 வருடத்துக்குத்தான் என்பார்கள். அப்படியென்றால் 1999-லேயே முடிந்துவிட்டது. இப்போது இளைஞர்கள் நிறையப் பேர் முட்டிக்கொள்கிறார்கள், நானே பார்த்திருக்கிறேன். பெரியவர் கொசு விழாமல் இருக்க மூடியிருப்பார், நீங்கள் வீணாக மனதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

எங்கள் கதை ஒரே வரிதான்: 1896-ல் ஓட ஆரம்பித்த அந்த மஞ்சள் மெட்ரோவில் டிக்கெட்டை மெஷினில் பதிக்காமல் ஏறி, இரண்டு பேருக்கும் அபராதம் கட்டினோம். தப்பு என்னுடையது. எங்களுக்குள் அன்று இரவு முழுக்கப் பேச்சுவார்த்தை இல்லை.

அதனால் இனிமேல் போகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். காகித டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது, பதிக்க வேண்டும். 72 மணி நேர பாஸ் எடுத்துவிட்டால் அந்தத் தொல்லையே இல்லை. இரவில் இரண்டாம் எண் டிராமில் ஆற்றை ஒட்டிப் போங்கள், கப்பலில் பார்க்கிற விளக்குக் காட்சியில் பாதி டிராம் டிக்கெட்டிலேயே கிடைத்துவிடும். உணவக பில்லில் சேவைக் கட்டணம் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள், சேர்த்திருந்தால் டிப்ஸ் தனியாக வேண்டாம். வாட்சி தெருவில் முன்பின் தெரியாதவர்கள் சிரித்துப் பேசி ‘நல்ல பார் ஒன்று இருக்கிறது’ என்றால் நகர்ந்துவிடுங்கள், பில்லைப் பார்த்தால் மயக்கம் வரும். பீர்தான் குடிக்க வேண்டும் என்றும் இல்லை. ஃப்ரோச் கேளுங்கள், ஒயினில் சோடா கலந்தது. அதைத் தாராளமாக முட்டலாம், கண்ணைப் பார்த்து முட்ட வேண்டும், அவ்வளவுதான்.

மழைக்காலம்:
கொசுவா? ஊர்சுற்றி சொன்னதைச் சரியாகப் படித்தீர்களா? 1999-ல் கணக்கு முடிந்தது என்று அந்தப் பெரியவரிடம் யார் போய்ச் சொல்வது? இப்படித்தான் நாமே ஒரு தேதி போட்டு எல்லாவற்றையும் முடித்துவிடுகிறோம்.

நாங்களும் அதே தெருவில் குடித்துவிட்டுத்தான் கிளம்பினோம். என் கணவருக்குப் பாலிங்கா, அதாவது அந்த ஊர்ப் பழப் பிராந்தி, கொஞ்சம் ஏறியிருந்தது. பாராளுமன்றத்தை இரவு வெளிச்சத்தில் பார்க்க டான்யூப் கரையோரம் நடந்தோம். கரை விளிம்பில் வரிசையாகக் காலணிகள். யாரோ கழற்றி வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தாராம் இவர். ‘போட்டோ எடு’ என்று சொல்லி ஒன்றில் காலை நுழைக்கப் போனார். அப்போதுதான் பக்கத்தில் ஒரு சின்ன ஷூ, குழந்தையுடையது, உள்ளே யாரோ மெழுகுவர்த்தி வைத்திருந்தது அவர் கண்ணில் பட்டது. எல்லாம் இரும்பு. 1944-45-ல் ஹங்கேரியின் நாஜி ஆதரவு அம்புச்சிலுவைக் கட்சிக்காரர்கள் யூதர்களைக் கரையில் நிறுத்தி, காலணியைக் கழற்றச் சொல்லி, சுட்டு ஆற்றில் தள்ளியதற்கு 2005-ல் வைத்த நினைவிடம். மொத்தம் 60 ஜோடி.

அறைக்கு வந்து தேடியபோது இன்னொன்றும் தெரிந்தது. நாங்கள் ஆடிவிட்டு வந்த அந்தத் தெருவும் அப்போது யூதர்களை அடைத்து வைத்திருந்த கெட்டோவுக்குள்தான் இருந்திருக்கிறது. ஒரு கால் அந்தரத்தில் நிற்கிற போட்டோ இன்னும் என் போனில் இருக்கிறது. அழிக்கச் சொல்லி அவரும் கேட்கவில்லை, நானும் அழிக்கவில்லை.

ஊர்சுற்றி:
அந்தக் கரைக்கு நாங்கள் மத்தியானம் போனோம். சின்ன ஷூவுக்குள் அன்று ஒரு மிட்டாய் இருந்தது.

கறாரான ஆள்:
கொசு விளையாட்டுக்குச் சொன்னது. டிக்கெட் விஷயம் விளையாட்டில்லை, மறக்காமல் பதியுங்கள்.